மாணவர் ஆய்வும் மணப்பாறைச் சந்தையும்

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த சிறப்புப்பாயிரம், அந்நூலாசிரியர் எவற்றை முதலாகக் கொண்டு எழுத்தும் சொல்லும் பொருளும் நாடினார் என்பதைக் கூறுமிடத்து, வழக்கையும் செய்யுளையும் உடன்வைத்து எண்ணுகின்றது. அவ்வெண்ணின்கண் வழக்கு முன்னும் செய்யுள் பின்னுமாக நிற்றல் கருதத்தக்கது. மக்கள் நாவில் வழங்குவதைக் கேட்டும், புலவர் நூலில் அமைந்ததைக் கற்றும், ஒன்றனை மற்றொன்றால் சோதித்தும் செய்த ஆராய்ச்சியே தமிழின் முதல் இலக்கண நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. அவ்வழி வந்த நாம் பட்டமேற்படிப்பு மாணவர்க்கு இன்று தரும் ஆய்வுப்பணியில் இவ்விரண்டனுள் வழக்கு பெரும்பாலும் விடுபட்டுப் போயிற்று. அதனை மீண்டும் சேர்த்தற்குரிய வழி யாது என்பதை மணப்பாறை வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மாணவர் ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். முதலில் ஒரு நாவலாசிரியர் பெயர். அதனை அடுத்துச் சமுதாயச் சிந்தனைகள் என்றோ, பெண்ணியப் பார்வை என்றோ, வாழ்வியல் நெறிகள் என்றோ ஒரு தொடர். முதல் இயலில் ஆசிரியர் வரலாறு வரும். இரண்டாம் இயலில் கதைச்சுருக்கம் வரும். பிறகு மேற்கோள்கள் அணிவகுக்கும். முடிவுரையில் இவ்வாசிரியர் சமுதாய அக்கறை உடையவர் என்பது நிறுவப்பெறும். இம்முடிவு ஆய்வு தொடங்குமுன்னரே மாணவர்க்கும் தெரியும், வழிகாட்டிக்கும் தெரியும். வினா இல்லாதவிடத்து விடை எங்ஙனம் பிறக்கும்? மாணவரிடம் ஆர்வம் இல்லை என்று ஆசிரியர் அறையில் நாம் கூறிக்கொள்வது உண்டு. தலைப்பு வழங்குவோர் நாமே என்பதை அப்பொழுது மறந்துவிடுகின்றோம்.

இது நெடுநாளைய குறைதான். எனினும் இப்பொழுது இதனைப் பொறுத்துக்கொண்டிருத்தல் இயலாது, காரணம் இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நீக்கிவிட்டன. முதுகலைக்கும் முனைவர்ப் பட்டத்துக்கும் இடையே மாணவர் ஆய்வு பழகுதற்கு இருந்த படி அதனோடு போயிற்று. முதுகலையில் எழுதும் சிறு ஆய்வேடே இன்று அவர்க்கு முதற் பயிற்சி; பலர்க்கு அதுவே இறுதிப் பயிற்சியும் ஆகும். மற்றொன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் வரவு. மேலே காட்டிய அமைப்பில் ஓர் ஆய்வேட்டை அக்கருவி சில நிமிடங்களில் எழுதித் தருகின்றது. அதனை மாணவர் எழுதியதினின்று பிரித்தறிய நம்மால் முடிவதில்லை. கருவியைக் கடிவது எளிது. பொறியால் எழுதத்தக்க ஒன்றையே நாம் இத்துணைக் காலமும் ஆய்வென்று கேட்டு வாங்கினோமா என்று எண்ணிப்பார்ப்பதே நமக்கு வேண்டுவது.

வழக்கறிவு செய்யுளாராய்ச்சிக்கு எங்ஙனம் துணையாகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சீவக சிந்தாமணியில் இடையனால் வெட்டுண்ட மரத்தைத் துயருற்றார்க்கு உவமை கூறும் இடம் ஒன்று உண்டு. மரம் வெட்டுவார் பலர் இருக்க, இடையன் வெட்டிய மரத்துக்கு மட்டும் என்ன சிறப்பு என்னும் ஐயம் எழுதல் இயல்பு. ஆடு மேய்ப்பவன் கிளையை முற்றுந் துணிக்கமாட்டான். பாதி வெட்டிச் சாய்த்து, ஆடு தழை தின்னுமாறு செய்வான். கிளை முறிந்து தொங்கியும் உயிரோடு நிற்கும். சாவுமின்றி வாழ்வுமின்றி நிற்கும் நிலைக்கு இதனினும் பொருந்திய உவமை இல்லை. இதன் பொருள் தமக்கு விளங்கிய வரலாற்றை 'இடையன் எறிந்த மரம்' என்னும் கட்டுரையில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏடு பல ஒப்புநோக்கிய அப்பெரியார்க்கும், ஆயர் வாழ்வின் வழக்கம் தெரிந்த பின்னரே உவமை தெளிவாயிற்று என்பது நம் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

இனி மணப்பாறைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள இவ்வூரின் பெயரை வெளியூரார் இரண்டு பொருள்களோடு சேர்த்தே அறிவர். ஒன்று முறுக்கு, மற்றொன்று மாடு. 1957-இல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' என்னும் திரைப்படத்துக்கு மருதகாசி இயற்றிய உழவுப் பாடல் மணப்பாறை மாட்டைத் தமிழகமெங்கும் அறிமுகப்படுத்திவிட்டது. வாரந்தோறும் இங்கே கூடும் மாட்டுச்சந்தை, தமிழ்த்துறை மாணவர் கால்வைக்க வேண்டிய இடம் என்று யான் கூறினால் நண்பர் சிலர் நகைப்பர். அவர்கள் முக்கூடற்பள்ளுவை ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

அந்நூலில் மாட்டின் வகைகளை அடுக்கிக் கூறும் செய்யுள் உண்டு. குடைக்கொம்பன், செம்மறையன், குத்துக்குளம்பன், குடைச்செவியன், கூடுகொம்பன், மயிலை, கழற்சிக்கண்ணன் என்றாங்குப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பெயரமைப்பு இனிது விளங்குகின்றது. கொம்பின் வளைவு, குளம்பின் வடிவு, செவியின் தோற்றம், கண்ணின் சாயல், உடலின் நிறம், மேலுள்ள மறை என இவற்றுள் ஒவ்வொன்றையும் அடியாகக் கொண்டு பெயர் பிறந்துள்ளது. வகுப்பறையில் இச்செய்யுளை நடத்துங்கால் நாம் என் செய்கின்றோம்? மாட்டு வகைகள் கூறப்பட்டன என்று ஒரு தொடரால் முடித்து, அடுத்த செய்யுளுக்குச் செல்கின்றோம். வினாத்தாளிலும் பள்ளு நூல் காட்டும் உழவர் வாழ்வு என்று கேட்டு, இப்பட்டியலை மனப்பாடமாக எழுதியவர்க்கு மதிப்பெண் வழங்குகின்றோம்.

ஆயின் இப்பட்டியலுள் ஓர் அரிய வினா மறைந்து கிடக்கின்றது. குடைக்கொம்பன், குத்துக்குளம்பன், குடைச்செவியன், கூடுகொம்பன் என்பவற்றின் முதலெழுத்தை நோக்குக. மோனை இத்துணை ஒழுங்காக அமைந்திருத்தல் ஐயத்துக்கு இடந்தருகின்றது. இப்பெயர்களை உழவர் வாயிற் கேட்டுப் புலவர் தொகுத்தாரா? அன்றி, ஓசை கருதித் தாமே சில பெயர்களைப் படைத்துக்கொண்டாரா? தொகுத்தார் எனின் இச்செய்யுள் அக்காலத்து வேளாண் சொல்லகராதியின் ஓர் ஏடு. படைத்தார் எனின் அது புலவரின் சொல்லாக்கத் திறனுக்குச் சான்று. இரண்டும் மதிக்கத்தக்கனவே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நூலகத்தில் எத்துணை நாள் அமர்ந்திருப்பினும் இவ்வினா முடிவு பெறாது. மாடு பழகுவார் வாயில் இப்பெயர்கள் உண்டா என்று கேட்டே அறிதல் வேண்டும். அதற்குரிய இடம் சந்தை.

இவ்வினாவை ஒரு மாணவர்க்குக் கொடுத்து நோக்குக. அவர் முதலில் பள்ளுவின் பதிப்புகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண வேண்டும். அகராதிகளையும் நிகண்டுகளையும் பார்க்க வேண்டும். முல்லைக்கலியில் ஏறுகளின் நிறங்குறித்து வரும் காரி, வெள்ளை, புகர், குரால் முதலிய சொற்களையும் உடன்வைத்து எண்ண வேண்டும். அவற்றுள் காரி இன்றும் ஊர்களில் உயிரோடு வழங்குகின்றது. மணப்பாறை வட்டாரத்தில் ஏறுவிடும் ஊர்களில் அதனைச் சிறுவரும் சொல்வர். குரால் என்பதை எவரும் சொல்ல யான் கேட்டதில்லை. மாணவர் ஒருவர் கேட்டுவரக் கூடும். இங்ஙனம் நூலறிவு நிரம்பிய பின்னரே அவர் சந்தைக்குச் செல்வார். நூலைத் துறந்து ஊரைச் சுற்றுமாறு மாணவரை ஏவுகின்றேன் என்று எவரும் கொள்ளற்க. களத்துக்குச் செல்பவரே நூலைக் கூர்ந்து படிப்பர் என்பது யான் பயிற்றுவித்துக் கண்டது.

சந்தையில் கேட்கும் முறையையும் நாமே கற்பித்தல் வேண்டும். முதல் நாள் கைச்சுவடி இன்றிச் செல்லுதல் நன்று. தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துப் பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று வயது கூறுவதையும், சுழி பார்த்து இலட்சுமிச் சுழி, பாடைச் சுழி என்று நன்மை தீமை உரைப்பதையும், மேல்துண்டின் மறைவில் விரல்பற்றி விலைபேசுவதையும் வாளா நின்று கேட்டலும் காண்டலுமே அன்றைய பணி. விரல் மறைவில் நிகழும் பேரத்தைப் படம்பிடிக்க முயலுதல் கூடாது. அது பிறர் தொழிலின் மறை. இரண்டாம் முறை செல்லும்போது கேட்டவற்றை அவர்கள் ஒலித்தவாறே எழுதுதல் வேண்டும். சொன்னவர் ஊர், வயது, தொழில், நாள் ஆகியவை அவர் இசைவு பெற்று ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் குறிக்கப்பெறல் வேண்டும். மூன்றாம் முறை, எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டல் வேண்டும். இம்மூன்றாம் செலவையே மாணவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். பயன் மிகுதியும் விளைவது அதனாலேயே.

வினவும் முறையில் ஓர் இடர் உண்டு. கூடுகொம்பன் என்று சொல்வதுண்டா ஐயா என்று கேட்டால், படித்த பிள்ளை கேட்கின்றதே என்று முதியவர் ஆமாம் என்றே விடையிறுப்பர். அவ்விடையால் ஒன்றும் நிறுவப்படாது. கொம்பு ஒன்றோடொன்று கூடி நிற்கும் மாட்டைக் காட்டி, இதனை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டல் வேண்டும். பட்டியலைப் படித்துக் காட்டியே தீர வேண்டுமாயின், வழக்கிலும் நூலிலும் இல்லாத பெயர் ஒன்றைத் தானே புனைந்து இடையே வைத்துப் பார்க்கலாம். அதற்கும் ஆம் என்பாரது மற்ற விடைகளை ஐயத்தோடு கொள்க. சொற்களை ஒரே தரமாகக் கருதுதலும் பிழை. அதே பொருளில் வழங்குவது, பொருள் மாறி வழங்குவது, கேட்டாற் புரிவதாயினும் நாவில் வாராதது, முற்றும் அறியப்படாதது என்று பிரித்தெழுதினால், ஒரு சொல் எங்ஙனம் மெல்ல மெல்ல மறைகின்றது என்பது கண்முன் புலனாகும். உழவுப்பொறி வந்து எருது குறைந்த இந்நாளில் இவ்வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கின்றது. சுழி கூறும் கிழவர் ஒருவர் மறைந்தால், அவரோடு மறைவன எவை என்று கணக்கெழுத எவரும் இலர்.

முடிவு கூறுமிடத்தும் மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். முக்கூடல் பொருநை நாட்டுச் சீவலப்பேரி. மணப்பாறையோ காவிரிக்குத் தெற்கே உள்ள வறண்ட மேட்டுநிலம். பள்ளுவில் உள்ள பெயர் ஒன்று மணப்பாறையில் கிடைக்கவில்லை எனின், அது புலவர் படைப்பு என்றோ வழக்கொழிந்தது என்றோ உடனே எழுதிவிடலாகாது. நெல்லைப் பகுதிச் சந்தை ஒன்றிலும் அதே பட்டியலைச் சோதித்த பின்னரே வட்டார வேறுபாடா, காலவேறுபாடா, கற்பனையா என்பது துணியப்படும். கிடைத்தது எனின் வலிமை மிகுதி; தொலைவிலுள்ள ஈரிடத்தும் வழங்கும் சொல் புலவர் மோனைக்காகப் புனைந்ததாதல் அரிது. இங்ஙனம், இல்லை என்னும் விடையைக் காட்டிலும் உண்டு என்னும் விடை மிகுதியும் நிறுவும் என்பதை ஒரு மாணவர் தம் கைப்பட உணர்ந்தாராயின், ஆராய்ச்சி நெறிமுறை பற்றிய பாடநூலைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை.

இத்தகைய பணி தமிழுக்குப் புதிதன்று. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் தொகுதியில் பாடல்களுக்கு அடியில் வட்டார வழக்குச் சொற்பொருளும், சேகரித்தவர் பெயரும், இடமும் தரப்பட்டுள்ளன. எஸ். எஸ். போத்தையா முதலிய அன்பர்கள் ஊர்தோறும் திரட்டியவை அவை. அவர் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். 1969-இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' என்னும் இதழைச் சூழ்ந்து நெல்லை ஆய்வுக் குழுவில் இளைஞர் பலர் கட்டுரை படித்து வாதிட்டனர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பட்டமும் மதிப்பெண்ணும் இல்லாதவிடத்து, இத்துணை ஊக்கம் எங்ஙனம் பிறந்தது என்று நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும். தம் ஊரார் பாட்டு அச்சேறியதையும், அதன் கீழே தம் பெயர் நிற்பதையும் கண்ட இளைஞர்க்கு வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

அயர்லாந்து நாட்டில் இதனினும் பெரியதொரு முயற்சி நிகழ்ந்தது. 1937 முதல் 1939 வரை அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம், பள்ளிச் சிறார் வாராவாரம் எழுதும் கட்டுரைப் பயிற்சிக்கு மாற்றாக, தம் வீட்டிலும் ஊரிலும் உள்ள முதியோரிடம் கதையும் வழக்கமும் கேட்டெழுதுமாறு செய்தது. 55 தலைப்புகள் கொண்ட கையேடு ஒன்று ஆசிரியர்க்கு வழங்கப்பெற்றது. ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் எழுதிய ஏடுகள் இன்றும் அந்நாட்டு ஆய்வாளர்க்கு மூலமாக உதவுகின்றன. பதினோரு வயதுப் பிள்ளைகளால் இயன்றது நம் முதுகலை மாணவரால் இயலாதா? அங்கே வகுப்புப் பயிற்சியாக எழுதப்பெற்றது நாட்டின் ஆவணமாயிற்று. இங்கே ஆய்வென்று எழுதப்பெறுவது மதிப்பீடு முடிந்தவுடன் அலமாரியின் மேல்தட்டுக்குச் செல்கின்றது.

மணப்பாறை வட்டாரத்தில் மாணவர்க்கு ஏற்ற மற்றொரு களம் வீரப்பூர். அண்ணன்மார் கதை எனப்படும் பொன்னர் சங்கர் கதையின் இறுதிப் போர் நிகழ்ந்ததாகக் கூறும் படுகளம் அங்கே உள்ளது; பெரியகாண்டியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கொங்கு நாட்டிலிருந்தும் மக்கள் திரள்வர். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் 1965-இல் கொங்கு நாட்டுப் பாடகர் ஒருவரிடம் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அதே பாடகர் எழுதுதற்பொருட்டுச் சொன்ன வடிவத்தையும் பிற வடிவங்களையும் அதனோடு ஒப்பிட்டு 1982-இல் நூல் வெளியிட்டார். கவிஞர் சக்திக்கனல் பதிப்பு 1971-இல் வந்தது. இவை கொங்குப் பக்கத்து வடிவங்கள். வீரப்பூரைச் சூழ்ந்த ஊர்களில் அதே கதை எங்ஙனம் சொல்லப்படுகின்றது என்பது மாணவர் ஆய்வுக்குரியது. கதை முழுவதையும் கொடுத்தால் அவர் மூழ்கிவிடுவார். பன்றி வேட்டை ஒன்றை மட்டும் எடுத்து, அச்சு வடிவம், ஒலிப்பதிவு வடிவம், தாம் கேட்ட வடிவம் ஆகிய மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிடுமாறு பணித்தல் சாலும். இக்கதை சாதிப் பெருமிதத்தோடு பிணைந்தது. ஒரு குலத்தார் வீரமென்று பாடும் இடம் பிறிதொரு குலத்தார்க்கு வருத்தந் தருவதாக இருக்கலாம். ஆதலின் இரு சாராரிடத்தும் கேட்கும் துணிவும் பணிவும் உள்ள மாணவர்க்கே இதனை ஒப்படைத்தல் தகும்.

முறுக்கைப் பற்றி ஒரு சொல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபின் மாணவர் பலரும் அதனையே தலைப்பாக விரும்புகின்றனர். உவர்நீரே சுவைக்குக் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதியதை மீண்டும் எழுதுவதாயின் அது தமிழாய்வாகாது. பிழிவோரும் சுடுவோரும் தமக்குள் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டுவதாயின் வரவேற்கலாம்.

இம்முறைக்குக் கூறப்படும் தடைகளுள் ஒன்று உண்மையாகவே வலியது. விடியற்காலையில் ஆடவர் திரளும் மாட்டுச்சந்தைக்கு மாணவியர் எங்ஙனம் செல்வர்? நம் தமிழ்த்துறைகளில் பெண்களே மிகுதி. அவர்க்குத் தாலாட்டும் சமையற்சொல்லும் போதும் என்று ஒதுக்கிவிடுதல் எளிய வழி. யான் அதனை ஏற்கவில்லை. மாடு வளர்ப்பதில் பெரும்பங்கு பெண்டிருடையது. கறவைக்கும் கன்றுக்கும் பெயரிடுபவர் பல வீடுகளில் அவரே. சந்தையில் தரகர் கூறும் சொல்லும், தொழுவத்தில் பெண்கள் கூறும் சொல்லும் ஒன்றா, வேறா என்பதே ஒரு தனி வினா. அதனை மாணவியரே நன்கு ஆராய்தல் கூடும். சந்தைக்குச் செல்ல விரும்பும் மாணவியர் குழுவாகவும் ஆசிரியர் துணையோடும் செல்லலாம்.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது மற்றொரு தடை. இதற்கு முழுமையான மருந்து யான் அறியேன். ஆளுக்கொரு தலைப்பு வழங்காமல், ஒரு வினாவையே எட்டு மாணவர்க்குப் பகிர்ந்தளித்தால் சுமை குறையும். ஒருவர் பதிப்பு வேறுபாடு, ஒருவர் கொம்பு பற்றிய சொற்கள், ஒருவர் நிறம், ஒருவர் பல்லும் வயதும், ஒருவர் சுழி என்று பிரித்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் கேட்டதனால் வரும் புலமை கால்பங்கே என்றும், உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு கால்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்றும் நன்னூலார் வகுத்தது இதற்குப் பொருந்துகின்றது. எஞ்சிய பாதிக்கு நம் தேர்வுமுறையில் இடமே இல்லை. வாய்மொழித் தேர்வை மூடிய அறையில் நடத்தாமல், இளநிலை மாணவர் முன்னிலையிலும், இயலுமாயின் சொல் தந்த ஊரிலேயும் நடத்தலாம். தம் தந்தை மாட்டுத் தரகர் என்பதை வகுப்பில் மறைத்து வந்த மாணவர், தம் வீட்டில் வழங்கும் சொல் கலித்தொகையிலும் உண்டு என்று அன்று எழுந்து கூறக் கூடும்.

மதிப்பெண் முறையிலும் சிறிது மாற்றம் வேண்டும். பக்க எண்ணிக்கையைக் கேட்பதனாலேயே ஆசிரியர் வரலாறும் கதைச்சுருக்கமும் இடம் பிடிக்கின்றன. இருபது பக்கம் போதும். மதிப்பெண்ணிற் பாதி கைச்சுவடிக்கு உரியதாகுக. அடித்தல் திருத்தல்களோடும், விளங்காதவற்றுக்கு இட்ட வினாக்குறிகளோடும் அது அப்படியே ஒப்படைக்கப்பெறல் வேண்டும். தூய படியெடுத்துத் தருமாறு கேட்கலாகாது. அச்சுவடியின் முதல் ஏட்டில் கேட்ட இடமும் நாளும், சொன்னவர் இசைந்தால் அவர் பெயரும் வருக. ஒரு படி துறை நூலகத்துக்கு. மற்றொன்று அவ்வூர்ப் பள்ளிக்கு. அடுத்த ஆண்டு மாணவர் அச்சுவடியைக் கையிற்கொண்டே சந்தைக்குச் செல்வர். முன்னவர் வினாக்குறி இட்ட சொல்லிலிருந்து கேட்கத் தொடங்குவர்.